பழைய பெட்டிக்குள் புது போர்டு

கம்ப்யூட்டர் பொருத்தித் தரும் தொழிலில் திருகாணி முடுக்குவது பாதி வேலைதான். மீதிப் பாதி, நமக்கே புரியாததை அடுத்தவருக்குப் புரிய வைப்பது.

மலேசியாவில், ஈப்போ குனோங் ராபாட்டில் நானும் கியோங்கும் கூட்டாகக் கடை வைத்திருக்கிறோம். நான் பொருத்துவேன், அவன் விற்பான். உள்ளே வருகிறவர்கள் அவனிடம் போய்ப் பழுதைச் சொல்வார்கள். அவன் என்னைக் கை காட்டுவான். அவர்கள் இந்தப் பொம்பளையா என்பது போல என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்ல, மெக்கானிக் வரட்டும்" என்று நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்கள். அதெல்லாம் எனக்குப் பழகிப்போய்விட்டது. பழகாதது ஒன்றே ஒன்றுதான். "புது கம்ப்யூட்டர் கட்டுறப்ப பழைய விண்டோஸ் லைசென்ச எடுத்துப் போட்டுக்கலாமா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நீங்களும் எப்போதாவது "ம்ம்ம்…" என்று இழுத்திருந்தால் நீங்கள் நம்ம கட்சி. சரசு அக்காவின் பெட்டியோடு நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இடி

சரசு அக்கா எங்கள் பழைய வாடிக்கையாளர். விற்கப்பட்டுவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறார். வீட்டு முன்புறத்தில் மேசை போட்டு, சுற்று வட்டாரத்து ஆட்களுக்கு அரசாங்க உதவி மனு, சேமநிதி, பென்ஷன் என்று எல்லாவற்றையும் இணையத்தில் நிரப்பித் தருவார். அவர் குடும்பம் நடப்பதே அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான்.

ஒரு நாள் மத்தியானம் பெய்த மழையில் விழுந்த இடி, அதன் மதர்போர்டைக் கருக்கிவிட்டது. பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் முன்னால் வைத்துக் கொண்டுவந்தார். திறந்து பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பித்திருந்தது. போர்டு, பிராசசர், மெமரி எல்லாம் புதிதாகத்தான் போட வேண்டும் என்றேன். அக்கா கொஞ்சமும் கலங்கவில்லை. பெட்டியை மட்டும் மாற்றக் கூடாது, அது ராசியான பெட்டி என்றார். பிறகு, கிளம்பப் போனவர் திரும்பி வந்து சொன்னார்:

"போர்டு கீர்டு எல்லாம் மாத்திக்கோ மலரு. உள்ள இருக்கிற விண்டோஸ் மட்டும் என்னோடதுதான் இருக்கணும். அது நான் கடையில கேட்டு வாங்குன ஒரிஜினல்லா!"

ஓரத்து எழுத்து

பழைய பெட்டிக்குள் புது போர்டைப் பொருத்தி, பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். அக்காவின் கோப்புகள், அவர் வைத்திருந்த முருகன் படம் எல்லாம் அப்படியே வந்தன. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்போதுதான் திரையின் வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் அந்த எழுத்து தலைகாட்டியது. விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள் என்று அர்த்தம். வாங்கினதற்கான அத்தாட்சி இல்லை என்பதை மரியாதையாகச் சொல்கிறதாம்.

அந்த எழுத்து இருந்தாலும் கம்ப்யூட்டர் ஓடும், வேலை எதுவும் நிற்காது என்று அக்காவைச் சமாதானப்படுத்தினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச காலத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் யாரோ ஒருவன், உதவிப் பணம் வாங்கித் தருகிறேன் என்று ஆட்களின் ஐசி, அதாவது அடையாள அட்டை விவரங்களை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். அதிலிருந்து அங்கே எல்லோருக்கும் எதைப் பார்த்தாலும் சந்தேகம். தான் டைப் அடிப்பதை அவர்களே பார்க்கட்டும் என்றுதான் அக்கா தன் திரையை ஆட்கள் பக்கம் திருப்பியே வைத்திருக்கிறார்.

"ஐசிய என் கையில குடுத்துட்டு அந்த மூலையத்தான் பாப்பாங்க மலரு. கள்ளக் கம்ப்யூட்டர்னு ஒருத்தன் சொன்னாப் போதும், அப்புறம் என் வீட்டுப் பக்கம் ஈ காக்கா வராது."

பொட்டு

பெட்டியின் பக்கவாட்டில் லைசென்ஸ் எண் அச்சிட்ட ஒட்டி ஒன்று இருக்க வேண்டும். அந்த எண்ணை அடித்துப் பார்க்கலாம் என்று தேடினேன், காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்தன மேடு இருந்தது. அதன் நடுவில் குங்குமம்.

விஷயம் இதுதான். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அக்கா பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைப்பார். கறுப்புப் பெட்டியில் பளபளவென்று இருந்தது அந்த ஒட்டி ஒன்றுதான். நெற்றி மாதிரி இருந்ததாம். அடுத்த வருஷம் ஈரத் துணியால் பழைய பொட்டைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் புதுசு. இப்படி வருஷா வருஷம் துடைத்ததில் பொட்டோடு சேர்ந்து எழுத்தும் போய்க்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

நானும் கியோங்கும் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். நான் B என்றதை அவன் 8 என்றான். அவன் 6 என்றதை நான் G என்றேன். கடைசியில் இரண்டு பேருக்கும் சண்டை வந்ததுதான் மிச்சம். கியோங் சீனன், சின்ன வயதில் தமிழ்ப் பிள்ளைகளோடு பந்து விளையாடியே தமிழ் படித்தவன். பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டுச் சொன்னான்:

"ஐயோ, சூசா லா மலர், ரொம்பக் கஷ்டம். இந்த நம்பர் இப்ப சாமிக்கு மட்டும்தான் தெரியும், நீ அவர்கிட்டயே கேளு."

எது கம்ப்யூட்டர்?

ஒரு வழியாக எண் தேறியது. அடித்தேன். இந்த எண் வேறொரு கம்ப்யூட்டருக்கு உரியது என்று பதில் வந்தது. வேறு கம்ப்யூட்டரா? அதே பெட்டி, அதே டிஸ்க், அதே முருகன்.

எங்கள் கடைக்குச் சிவபாதம் ஐயா தினமும் பேப்பர் படிக்க வருவார். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிலோன்காரர். எதையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாத மனிதர். நாமெல்லாம் படிக்காமலே "சம்மதம்" என்று தட்டிவிட்டுப் போகும் அந்த லைசென்ஸ் ஒப்பந்தத்தை அவர் தம் கைப்பேசியில் இறக்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். இரண்டு கோப்பி குடித்து முடித்த பிறகு தீர்ப்பு வந்தது. கடையில் தனியாக வாங்கும் லைசென்ஸ் நம்மோடு வரும், ஒரு கம்ப்யூட்டரில் எடுத்து இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு சரி. அக்காவுடையது இரண்டாவது ரகம். கடையில் கேட்டு வாங்கினேன் என்று அவர் சொன்னது கம்ப்யூட்டரைத்தான். ஆனால் போர்டு பழுதாகி மாற்றினால் அது பழைய கம்ப்யூட்டர்தானாம், லைசென்ஸ் செல்லுமாம். வசதிக்காக மாற்றினால் அது புது கம்ப்யூட்டராம், செல்லாதாம்.

எனக்குத் தலை கிறுகிறுத்தது. இவ்வளவு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், எது கம்ப்யூட்டர் என்று ஒருவர் கேட்டால் எனக்கே இனிமேல் சொல்லத் தெரியாது போலிருக்கிறது. பழுதானால் அதே மாதிரி போர்டைத்தான் போட வேண்டுமாம். அந்த மாதிரி போர்டு இப்போது எந்தக் கடையிலும் இல்லை. ஐயா கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"பிள்ளை, அப்ப இடி விழுந்தது பழுதோ, வசதியோ எண்டு அந்தக் கம்பெனிக்காரரிட்டைத்தான் போன் அடிச்சுக் கேக்கவேணும்."

போன்

அடித்தோம். முதலில் இயந்திரக் குரல் நீள நீளமாக எண்களைக் கேட்டது. அதெல்லாம் முடிந்து ஒரு மனிதக் குரல் வந்தது, மலாயில் பேசும் பெண், நல்ல பொறுமைசாலி. நான் நடந்ததைச் சொன்னேன். இடி, பழுது, அதே மாதிரி போர்டு கிடைக்காதது எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி. அவர் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டார். இளகுவது போலத்தான் இருந்தது. கடைசியாக, கம்ப்யூட்டரின் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார்.

கைப்பேசியைச் சரசு அக்காவிடம் கொடுத்தேன். இது அதே கம்ப்யூட்டர்தானா என்று அந்தப் பெண் கேட்டார். அக்கா அன்று காலையில்தான் கடைக்கு வந்து பெட்டிக்குச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வெட்டியிருந்தார். யாராவது புதுசைப் பற்றிக் கேட்டால் பெருமையாகச் சொல்லாமல் இருக்க நம்ம ஆட்களால் முடியுமா? "பாரு! செமுவா பாரு!" என்று கடை அதிரச் சொன்னார். மலாயில் புதுசு, எல்லாமே புதுசு என்று அர்த்தம். ரொம்ப வேகமாக ஓடுகிறது என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டார். கியோங் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, புதுசுன்னு சாமிகிட்ட சொல்லலாம். போன்ல ஏன்லா சொன்னீங்க?"

லயன் வீடு

அக்காவை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். உங்கள் லைசென்ஸ் உங்கள் பெயரில் இல்லை அக்கா, அந்தக் கருகிப்போன போர்டின் பெயரில் இருக்கிறது. போர்டு போனதும் அதுவும் போய்விட்டது. இனிமேல் தனியாக ஒன்று வாங்கினால் அது உங்களோடு வரும்.

அவர் டீயைக் குடிக்காமல் தள்ளி வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அந்தத் தோட்டம் கைமாறியபோது அவர் கல்யாணமாகி அங்கே குடிவந்த புதுசு என்று எனக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை.

"இது தோட்டத்துல குடுத்த லயன் வீடு மாதிரிதானே மலரு? நம்மதான் சுண்ணாம்பு அடிப்போம், வாழக்கன்னு வைப்போம், கோழி வளப்போம். தோட்டம் கைமாறுனதும் வீடு தோட்டத்தோட போயிரும், நம்ம சட்டி பானையோட ரோட்டுல. இத நீ மொதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்லா."

மூலையில் இருந்தது

புது லைசென்ஸுக்குச் சொல்லி வைத்தோம். அது வரும்வரை வேலையை நிறுத்த முடியாது என்று அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலில் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாராம். எதையோ மறைக்கிறாள் என்று ஆட்கள் முணுமுணுத்ததும் பழையபடி திருப்பிவிட்டார். மூலையில் எழுத்து அப்படியே இருந்தது, அதுவரை யாரும் கவனிக்கவில்லை. லைசென்ஸ் வந்ததும் நானே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

நான் போன நேரம் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். மேசைக்கு முன்னால் ஆறுமுகம் தாத்தா. அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், ஆனால் பிறந்த பத்திரம் இல்லாததால் இன்னும் சிவப்பு ஐசிதான். குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம்; அவருக்கு அது கிடைத்தபாடில்லை. திரும்பத் திரும்ப மனு போட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த முறை சரசு அக்கா டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் நின்ற ஓர் ஆள், பெக்டரி சட்டை போட்டவர், குனிந்து திரையைப் பார்த்தார். "என்னாக்கா, இது ஆக்டிவேட் ஆகலையே. ஒரிஜினல் இல்லையா?" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. அக்காவின் விரல்கள் நின்றுவிட்டன. மேசையில் ஐசியை வைத்திருந்த ஓர் அம்மா அதை மெதுவாக எடுத்துப் பர்சுக்குள் போட்டுக்கொண்டார். லைசென்ஸ் என் கைப்பையில்தான் இருக்கிறது, ஆனால் இப்போது எடுத்து நீட்டினால் இவ்வளவு நாளும் கள்ளத்தனம் நடந்தது என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமோ என்று பையைத் திறக்கவில்லை.

தாத்தாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அந்த ஆளும் விளக்கினார். மெஷின் நல்லாத்தான் ஓடுது தாத்தா, எல்லா வேலையும் செய்யுது, ஆனா இது நம்மளதுன்னு கம்பெனி இன்னும் ஒத்துக்கல. தாத்தா சட்டைப் பையிலிருந்து தன் சிவப்பு ஐசியை எடுத்தார். திரையின் அந்த மூலைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? பொறந்ததுலேருந்து எனக்கும் இதே எழுத்துத்தான்லா மூலையில இருக்கு. நான் ரப்பர் பால் மரம் வெட்டலயா, புள்ள பெக்கலயா, வரி கட்டலயா? நீ அடி சரசு."

பர்சுக்குள் போன ஐசி மறுபடி மேசைக்கு வந்தது. புது லைசென்ஸைப் போட்டு, கம்ப்யூட்டரை அசல் என்று ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை, தாத்தாவை இந்த நாட்டுக்காரர் என்று ஒப்புக்கொள்ள வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால்தான் இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்குச் சொல்லத் தெரியாது.