எழும்பச் சொன்னால் வாசியுங்கோ

திங்கட்கிழமை மத்தியானங்களில் பாரிஸின் லா ஷாப்பெல் பக்கத்துத் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகள் பல பூட்டிக் கிடக்கும். எனக்கும் அன்று அரைநாள் விடுப்பு. சனிக்கிழமை காலை தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்ததற்கு ஈடு. அதனால் எங்கள் வாசிப்பு வகுப்பு திங்கட்கிழமைகளில் நடந்தது, ஒரு தேவாலயத்தின் பின்கட்டில் இரவலாகக் கிடைத்த அறையில். எண்பதுகளின் நடுப்பகுதி. நான் புதுச்சேரிக்காரி, பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிறந்தவள், இருபத்தெட்டு வயது. வந்தவர்கள் ஐந்தாறு பேர், எல்லோரும் யாழ்ப்பாணத்தார், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். முதலில் தமிழ், பிறகு பிரெஞ்சு என்பது என் திட்டம். பெரிய டீச்சர் என்ற நினைப்பு எனக்கு அப்போது நிறையவே இருந்தது.

கையில் இருந்த பாடப்புத்தகமோ குழந்தைகளுக்கானது. அதில் ஒரு பூனை பந்தை உருட்டும். நாற்பது வயது தாண்டிய ஓர் அண்ணை அந்தப் பூனையின் மேல் விரல் வைத்துத் திணறுவதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் ஸ்தேன் என்ற புறநகரிலிருந்து வருபவர். ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார். கைகள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். இந்த மனிதருக்கு எதற்குப் பூனை என்று புத்தகத்தை மூடிவிட்டு, பழைய படிவங்களின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் நானே பாடம் எழுதத் தொடங்கினேன். கறுப்பின மக்கள் அமெரிக்காவில் உரிமைக்காகப் போராடிய வரலாறு. பத்திரிகைகளில் படித்து எனக்குத் தெரிந்த அளவுக்கு, குட்டிக் குட்டி வாக்கியங்களில்.

முதல் தாள் பேருந்துக் கதை. வேலை முடிந்த ஒரு கறுப்பினப் பெண் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளைக்காரர் ஒருவருக்கு இடம் விட்டு எழுந்திரு என்கிறார் ஓட்டுநர். அவள் எழுந்திருக்கவில்லை. அவளைக் கைது செய்கிறார்கள். அதன்பின் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் ஒரு வருடத்துக்கு மேல் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போகிறார்கள். வாசித்தால் மட்டும் போதாது, நடித்துப் பார்த்தால் மனதில் நிற்கும் என்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். அந்தப் பெண்ணாக அண்ணையை உட்காரவைத்தேன். ஓட்டுநராக, அதே கடையில் சமையல் செய்த ஓர் இளைஞரை அனுப்பினேன்.

இளைஞர் வாயைத் திறக்கவே இல்லை. அவர் இரண்டடி வைத்ததும் அண்ணை எழுந்துவிட்டார்.

"நீங்க எழுந்திருக்கக் கூடாதுண்ணே. கதையே அதுதானே," என்று சிரித்தேன். மறுபடி உட்காரவைத்தேன். மறுபடியும் எழுந்தார். மூன்றாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. "இவ்வளவு சுலபமானதுகூட முடியலையா?" என்று கேட்டேவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு முடிந்ததும், அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் ஓர் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "ரீச்சர், அவையள் ரண்டு பேரும் ஒரே ஊர். தம்பியின்ர வீட்டுக் காணியிலைதான் அண்ணையின்ர தகப்பன் வேலை செய்தவர். சாதி, ரீச்சர். தம்பியின்ர ஆக்களைக் கண்டால் எழும்பி நிக்கவேணும் எண்டு சின்னனிலை இருந்தே பழக்கியிருக்கினம்." நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் ஊரில் இதெல்லாம் இல்லாததுபோலத்தான் நானும் வளர்ந்திருந்தேன். இருக்கிற இடத்துக்குப் போகாமலே வளர்ந்தவள் என்பதுதான் உண்மை.

அடுத்த திங்கள் அண்ணை வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். மன்னிப்புக் கேட்க நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, எல்லோர் முன்னாலும் அவரே பேசினார்.

"ரீச்சர், உங்கட கதை பிழை."

"எது பிழை?"

"அந்த மனுசி ஒரு நாளிலை அப்பிடி இருந்திருக்கேலாது. நான் மூண்டு தரம் இருந்து பாத்தனான். கால் தன்ரபாட்டிலை எழும்புது. அவ முதலே எங்கையோ பழகியிருக்கிறா. பழக்க ஆக்கள் இருந்திருப்பினம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தமிழே தெளிவாக வாசிக்க வராதவர் எனக்கு வரலாறு சொல்கிறாரா என்று. அந்த வாரமே நூலகத்துக்குப் போனேன், அவர் சொன்னது தவறு என்று காட்டத்தான். பிரெஞ்சில் ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. அந்தப் பெண் பல வருடங்களாக ஓர் உரிமைச் சங்கத்தில் வேலை செய்தவர். கைதாவதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்திருக்கிறார். பின்னாளில், வெள்ளையர் மட்டுமே உட்காரலாம் என்றிருந்த உணவுக்கடைகளில் போய் உட்கார்ந்த கறுப்பின மாணவர்களும் முதலில் ஓர் அறையில் நாற்காலி போட்டு, ஒருவரையொருவர் திட்டித் தள்ளிப் பழகியிருக்கிறார்கள். நான் பத்திரிகைகளில் படித்தும் தவறவிட்டதை, படிக்காத மனிதர் தன் காலை வைத்தே கண்டுபிடித்திருந்தார். நூலகத்திலேயே எனக்கு வெட்கமாகவும் இருந்தது, தாங்கமுடியாத சந்தோஷமாகவும் இருந்தது.

நான் இதைச் சொன்னதும் அவர் பெருமைப்படவெல்லாம் இல்லை. "அப்ப நாங்களும் பழகுவம்," என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"கடையிலை மூண்டு மணிக்கு எல்லாரும் மேசையிலை இருந்து சாப்பிடுவினம். நான் சிங்குக்குப் பக்கத்திலை நிண்டு சாப்பிடுறன். ஆரும் நிக்கச் சொல்லேல்லை. ஆரும் இருக்கச் சொல்லவுமில்லை. ரண்டு வருசமாச்சு. எனக்கு அந்த மேசையிலை இருக்கவேணும்."

சமையல்கார இளைஞரின் முகம் வெளிறிப்போனது. "அண்ணை, நாளைக்கே வந்து இருங்கோ. நான் என்ன வேண்டாமெண்டே சொன்னனான்?" என்றார். "இருக்கலாம் தம்பி. நீர் உள்ளுக்கை வந்தால் நான் எழும்பிப்போடுவன். அதுதான் பிரச்சினை," என்றார் அண்ணை.

யோசனை சொன்னது அக்காதான். "தம்பியின்ர முகத்தைப் பாக்காதேங்கோ அண்ணை. தாளைப் பாருங்கோ. எழும்பச் சொன்னால் வாசியுங்கோ."

அப்படியே செய்தோம். ஒவ்வொரு திங்களும் வகுப்பின் தொடக்கத்தில் அண்ணை உட்காருவார். இளைஞர் முன்னால் வந்து "எழும்பு" என்பார். அண்ணை தாளில் விரல் வைத்து வாசிக்க ஆரம்பிப்பார். எழுந்துவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. முதல் திங்கள் அரை வரி. அடுத்தது ஒரு வரி. அதற்கடுத்த வாரம் மறுபடி அரை வரி. இளைஞர்தான் ரொம்பக் கஷ்டப்பட்டார். "எழும்புங்கோ" என்று மரியாதையாகச் சொல்லிப் பார்ப்பார். அண்ணை விடமாட்டார். "ஊரிலை சொல்லுறமாதிரிச் சொல்லும்." இளைஞர் அப்படியே சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய், மேம்பாலத்தில் மெட்ரோ போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரையும் நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். ஒரு வாரம்கூட வராமல் இருக்கவில்லை.

அண்ணைக்கு ஒன்று புரிந்தது. வாசிப்பு தடைப்பட்டால் கண் நிமிரும், கண் நிமிர்ந்தால் முகம் தெரியும், முகம் தெரிந்தால் கால் எழும்பும். அதனால் தடைப்படாமல் வாசிக்கவேண்டும். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். ஸ்தேனிலிருந்து வரும் பேருந்தில் படித்தார். நான் புதிது புதிதாக எழுதிக் கொடுத்தேன்: நடந்தே வேலைக்குப் போன ஒரு வருடம், நீதிமன்றம், உணவுக்கடை மாணவர்கள். எந்த மாணவரும் என்னிடம் அப்படித் தாள் கேட்டு நச்சரித்ததில்லை. குளிர்காலம் வருவதற்குள் முழுப்பக்கம் வாசித்தார், குரல் நடுங்கியபடி, உட்கார்ந்தபடி. அக்கா அழுதேவிட்டார். அண்ணை தாளை மடித்து வைத்துவிட்டு, "இது வகுப்பு. கடை இல்லை," என்றார்.

கடையில் என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை சீக்கிரமே வேலை முடிந்தது. பொறுக்கமாட்டாமல் மூன்று மணிக்கு ரூ லூயி-பிளாங்குக்குப் போய் அந்தக் கடைக் கதவைத் தள்ளினேன். வாடிக்கையாளர் யாரும் இல்லை. பின்பக்க மேசையில் நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "ரீச்சர் வந்திட்டா," என்றபடி முதலாளி எழுந்தார். சமையல்கார இளைஞர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். பரிமாறுகிறவரும் எழுந்தார்.

அண்ணை எழுந்திருக்கவில்லை. தட்டில் கை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு கணம்தான், இருந்தாலும் அது வந்தது. எழுந்து நிற்பார் என்று நானும் எதிர்பார்த்துத்தான் உள்ளே வந்திருக்கிறேன்.

"வாங்கோ ரீச்சர், இருங்கோ," என்று சொல்லிவிட்டு அவர் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.