நாலு சிவப்பு பூட்ஸ்

“இல்லீங்க, அந்த ஆட்டக் கட்டிப்போடல. அதாத்தான் நின்னுச்சு.”

பெருமாள்மலையில் என் போட்டோக் கடைக்கு வருகிற யாரும் இதைக் கேட்டதில்லை. சுவரில் மாட்டிய படத்தை ஒருவர் அண்ணாந்து பார்த்தால் போதும், வேலுத்தாய் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். படத்தில் ஒரு வெள்ளாடு. தலையில் ஓலைத் தொப்பி, நாலு காலிலும் குழந்தைகள் போடும் பூட்ஸ். கறுப்பு வெள்ளைப் படம். பூட்ஸ் சிவப்பு என்பதையும் அவரே சொல்வார்.

வேலுத்தாய் இன்று என் சம்மந்தி. 1952-ல் அவர் ஒத்தையடிப் பாதையில் கொடைக்கானலுக்குப் பூண்டு சுமந்து ஏறிவரும் பெண். புருஷன் இல்லை. ஆறு வயது மகள் வடிவு, பின்னாலேயே வரும் இந்த ஆடு, அவ்வளவுதான். நான் அப்போது சீசன் நாட்களில் ஏரிக்கரையில் கேமராவோடு நின்று, வெளியூர்க்காரர்களின் நாய்களுக்குத் தொப்பி மாட்டிப் படம் எடுப்பேன். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அம்மா, தன் இரட்டைப் பிள்ளைகளின் பூட்ஸ்களை என்னிடம் விட்டுப்போயிருந்தார். எந்த நாயும் அதைப் போட்டு நிற்காது. கடித்து உதறிவிடும்.

“நாய்க்கு ரோசம் சாஸ்தி. என் ஆட்டுக்குப் போட்டுப் பாருங்க” என்றார் வேலுத்தாய். கேமராவுக்குப் பின்னால் நின்று காரட் தழையை ஆட்டினார். ஆடு கலெக்டர் மாதிரி நிமிர்ந்து நின்றது.

படத்தைக் கடையில் மாட்டினேன். பஸ்ஸுக்கு நின்ற அவர் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டார்.

அந்த ஊருக்குள் யாரும் காலில் எதுவும் போடக்கூடாது. ஊரே கோயில். எல்லைக் கல்லிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். பூட்ஸ் போட்ட ஆட்டுக்கு ஊருக்குள் இடமில்லை, படத்தைச் சாமி முன்னால் கிழித்தால்தான் ஆட்டையும் அவரையும் உள்ளே விடுவோம் என்று ஊர்ப் பெரியவர் சின்னச்சாமி சொல்லியனுப்பினார். வேலுத்தாயின் வீடும் பூண்டுக்காடும் அங்கேதான்.

என்னால் வந்த வம்பு. படத்தைத் தாளில் சுற்றிக்கொண்டு நானும் அவரோடு அந்த ஊருக்கு இறங்கினேன்.

“கிழிச்சுருவோம் தாயி. வேற படம் எடுத்துக்கிரலாம்” என்றேன்.

“பேசாம வாங்க.”

எல்லைக் கல்லில் ஊர் கூடியிருந்தது. “படம் எங்க?” என்றார் சின்னச்சாமி.

வேலுத்தாய், என்னிடம் சொல்லாமலே கொண்டுவந்திருந்த நாலு பூட்ஸையும் மடியிலிருந்து எடுத்தார். ஊர்க்காரர்களின் செருப்புகள் கிடந்த வரிசையில் ஒவ்வொன்றாக வைத்தார். இடம் போதாமல் ஒரு டயர் செருப்பை ஒதுக்கினார்.

“மாமா, இது யாரு செருப்பு?”

“என்னோடதுதான். எதுக்குத் தொடுற?”

“போட்டுக்கிட்டு எங்க போனீக?”

“சந்தைக்கு.”

“நீங்க சந்தையில போட்டீக, ஆடு ஏரிக்கரையில போட்டுச்சு. ரெண்டு பேரும் இங்க வந்து கழட்டியாச்சு. ஒங்களுக்கு ரெண்டு, அதுக்கு நாலு. படத்தக் கிழிக்கணும்னா மொதல்ல இந்தச் செருப்ப அறுங்க. அப்புறம் நான் கிழிக்கேன்.”

குப்பம்மாள் என்றொரு அம்மாள்தான் முதலில் சிரித்தது. “ஏ, என்ன சிரிப்பு?” என்று பெரியவர் திரும்பிய நேரத்தில் ஆடு அவரை உரசிக்கொண்டு ஊருக்குள் போய்விட்டது. பின்னாலேயே வடிவு ஓடினாள். யாரும் தடுக்கவில்லை.

“வாயாடிக் கழுத” என்றார் பெரியவர். தன் செருப்பை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

படம் என்னோடு மறுபடி மலை ஏறியது.

பதினைந்து வருஷம் ஆகிறது. வடிவு என் மகனைக் கட்டி, எங்களுக்கு ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள். முப்பது நாள். அவள் கொட்டாவி விடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், கடை திறக்க நேரமாகிவிடும். இன்று காலை அவளைப் படம் எடுக்கக் கேமராவைத் துடைத்தேன். பச்சைப்பிள்ளையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று தெருவே வாசலில் நின்று தடுத்தது. என் வீட்டுக்காரியும் பிள்ளையை முந்தானையில் மூடிக்கொண்டாள்.

வேலுத்தாய் உள்ளே போனார். தகரப்பெட்டியைத் திறந்து அந்தப் பூட்ஸ்களைத் தூசி தட்டி எடுத்துவந்தார்.

“பிள்ளைக்கு ரெண்டு போதும் சம்மந்தி. நீங்க படத்த எடுங்க. மிச்ச ரெண்ட, அன்னைக்கு எல்லைக் கல்லுல வச்ச மாதிரி வாசல்ல வச்சுட்டு வாரேன். எவன் கேக்கான்னு பாப்போம்.”