கீழ கிளியரா?

சனிக்கிழமை காலை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது ஜமால் பாயின் மகள் ரஹிமா அழைத்தாள். அவள் குறுஞ்செய்தி அனுப்புகிறவள், அழைக்கிறவள் அல்ல. "அங்கிள், அத்தா மௌத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." காசு கொடுத்தேன், மீனை வாங்காமல் நடந்துவிட்டேன். மறுநாள் ஞாயிறு, எங்கள் பதிவு நாள்.

ஜமால் பாயின் முகம் உங்களில் பலருக்குத் தெரியாது, குரல் தெரியும். நாங்கள் இருவரும் வீடியோ கேம் விளையாடி, விளையாடும்போது பேசுவதையும் சேர்த்துப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி இணையத்தில் ஏற்றிவந்தோம். இருவர் சேர்ந்தால்தான் ஆட முடியும் என்கிற விளையாட்டுகளை மட்டுமே எடுப்போம். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் அவர்கள் ஒரு பகுதியையும் விட்டதில்லை.

அவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்தத் துறைமுகம் இடம் மாறவிருந்த சமயத்தில் அவரைப் பேட்டி கண்டு, 'முப்பது ஆண்டுகள் கொள்கலன்களைத் தூக்கியவர்' என்று எங்கள் பத்திரிகையில் எழுதினேன். செய்தி வந்த அன்றே தொலைபேசியில் பிடித்தார். "தூக்குறது யாரும் தூக்கலாம், ரிப்போர்ட்டர். இறக்குறதுதான் வேலை." மறுநாள் திருத்தம் வெளியிட்டோம். எங்கள் நட்பு அந்தத் திருத்தத்தில் தொடங்கியது.

ஓய்வு பெற்ற பிறகு, மகள் விளையாடாமல் போட்டுவைத்திருந்த கேம் கருவியை எடுத்துத் துடைத்து, என்னை பாசிர் ரிஸ் வீட்டுக்கு வரச் சொன்னார். உட்லண்ட்ஸில் உள்ள என் வீட்டிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஒலிவாங்கியில் இரைச்சல் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார். இருவரும் வியர்வையில் நனைந்துதான் விளையாடுவோம்.

நாங்கள் முதலில் எடுத்த விளையாட்டில் ஒருவர் மேலே இருந்து கயிற்றில் சாமான் இறக்க வேண்டும், மற்றவர் கீழே நின்று வாங்கி அடுக்க வேண்டும். மேலே அவர், கீழே நான். ஒவ்வொரு முறையும் இறக்கும் முன் "கீழ கிளியரா?" என்று கேட்பார். நான் ஒதுங்கி நின்று "கிளியர்" என்று சொன்ன பிறகே பொத்தானை அழுத்துவார். அந்தப் பதிவை வெட்டும் வேலை என்னுடையது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அடித்துவிடுவது பத்திரிகைக்காரனின் பழக்கம். அத்தனை கேள்விகளையும் நீக்கிவிட்டு, படம் விறுவிறுப்பாக ஓடுகிறது என்ற பெருமையோடு போட்டுக் காட்டினேன்.

கடைசி வரை பார்த்தார். "என்னைக் கொலைகாரனாக்கிட்டீங்களே லா. நான் ஒரு தடவைகூட கேக்காம இறக்குனதில்ல."

கீழே நிற்பது ஒரு மஞ்சள் பொம்மை என்று வாதாடினேன். "பொம்மைய ஓட்டுறது நீங்கதானே?" என்றார். எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தேன். அந்த வாரம் முதல் பின்னூட்டத்தில் யாரோ "கிளியர்" என்று எழுதினார்கள். பிறகு ஒவ்வொரு பதிவிலும் அந்தச் சொல் வரிசையாக நின்றது. அவருடன் வேலை செய்தவர்கள் எழுதினார்கள் என்று பின்னால் தெரிந்தது.

இந்த ஆண்டு அவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஞாயிறை மட்டும் விடவில்லை. அப்போது எடுத்துக்கொண்டிருந்த விளையாட்டின் கடைசிக் கட்டத்தில், அலை வருவதற்குள் ஒரு பெரிய கண்ணாடி விளக்கை கலங்கரை விளக்கத்துக்குள் இறக்க வேண்டும். நான்கு ஞாயிறு தோற்றோம். ஐந்தாவது ஞாயிறு விளக்கு சரியான இடத்துக்கு மேலே, ஆடாமல் நின்றது. "கீழ கிளியரா?" என்றார். நான் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய கட்டைவிரல் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை கேட்டார். அலை வந்துவிட்டது.

இருவரும் பார்ப்பது ஒரே திரை. என் பொம்மை ஒதுங்கி நிற்பது அவருக்கும் தெரிந்திருக்கும். இறக்கியிருக்கலாமே பாய் என்று ஆற்றாமையோடு கேட்டேன்.

"பார்த்தா தெரியுது. ஆனா சொல்ல வேண்டியது நீங்க."

அந்தப் பகுதியை எறிந்துவிட்டு, அடுத்த வாரம் ஜெயித்ததைப் போடுவோம் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இதை அப்படியே போடுங்கள், ஜெயித்தால் அதையும் போடலாம் என்றார். அடுத்த ஞாயிறுக்கு ஒரு நாள் முன்னால் போய்விட்டார்.

அடக்கத்துக்குத் துறைமுகத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அவருடைய கிரேனுக்குக் கீழே நின்று வேலை பார்த்தவர்கள். அவர்களில் கோவிந்தன் என்பவர் என் பக்கத்தில் நின்றார். "அவர் ஷிப்ட்ல நாங்க எல்லாரும் வீட்டுக்குப் போனோம் சார். தினமும்."

அந்த வாரமே கடைசிப் பதிவை வெட்ட உட்கார்ந்தேன். அவர் இரண்டு முறை கேட்பதும் நான் வாயைத் திறக்காமல் இருப்பதும் தெளிவாகப் பதிவாகியிருந்தன. அந்தச் சில நொடிகளை எடுத்துவிட்டால், தோற்றது யாரால் என்று யாருக்கும் தெரியாது. எடுக்கவில்லை. நாங்கள் தோற்ற ஆட்டத்தை, என் மௌனத்தோடு, முழுதாக ஏற்றினேன். நான் வெளியிட்டவற்றில் எனக்கு மிகப் பெருமை தருவது அதுதான்.

ஜமால் பாயிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. இப்போதும் வாரம் ஒரு கட்டுரை எழுதுகிறேன். அனுப்பும் முன், அதில் யார் பெயர் வருகிறதோ அவரை அழைத்து வாசித்துக் காட்டுகிறேன். எனக்குப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் சொல்ல வேண்டியவர் அவர்.

இந்தக் கட்டுரையையும் நேற்று ரஹிமாவை அழைத்து வாசித்தேன். விரல் நடுங்கிய இடத்தில் நிறுத்தி, இது இருக்கலாமா என்று கேட்டேன். நான் காத்திருந்தேன்.

"கிளியர், அங்கிள்," என்றாள்.