மேடையில் மாற்றிச் சொன்ன ஒரு வரி

மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்துக்கு வரும் மலையாள ஊழியக்காரர்களின் பிரசங்கத்தை, பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது என் வேலை. அன்று வந்தவர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். திடீரென்று, "விசுவாசம் உண்டெங்கில் மருந்நு வேண்டா, எறிஞ்ஞு களயூ!" என்று முழங்கினார்.

விசுவாசம் இருந்தால் மருந்து வேண்டாமாம், தூக்கி எறியச் சொல்கிறார்! முன்வரிசையில் செல்வி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேனியிலிருந்து வந்தவர், மலையாளம் இன்னும் பிடிபடவில்லை. தினமும் இன்சுலின் போடுகிறவர்.

"விசுவாசியுங்கள், மருந்தையும் விடாதீர்கள்" என்றேன்.

கூட்டம் "ஆமென்" என்றது. ஊழியக்காரர் சந்தோஷமாக என் தோளைத் தட்டினார். கள்ளப் போதகர் என்று மனசுக்குள் அவரைத் தள்ளிவிட்டேன்.

வாசலில் செல்வி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மருந்தையும் விடாதேன்னு எந்த ஊழியக்காரரு சொல்றாரு தம்பி? அடுத்த வாரம் வைப்பின் தீவுல அவரு கூட்டமாம், போகப்போறேன். எம்பொண்ணு இங்க மலையாளந்தானே படிக்கிறா, அவ அர்த்தம் சொல்லுவா."

"அக்கா, அவர் அப்படிச் சொல்லல. அது நான் சொன்னது."

அக்கா கையை எடுத்துக்கொண்டார். "அப்ப இத்தனை நாளா நீ சொன்னதெல்லாம் யாரு சொன்னது? நான் அவரு வாயாலயே கேட்டுக்கிறேன்."

அக்கா வைப்பினுக்குப் போய் வந்துவிட்டார். இப்போது எங்கள் கூட்டத்தில் என் முகத்தைப் பார்ப்பதில்லை. மகளிடம்தான் அர்த்தம் கேட்கிறார். இன்னும் இன்சுலின் ஊசி போடுகிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் என்ன சொன்னாலும், அது யார் சொன்னது என்றுதானே கேட்பார்?