இருபத்திரண்டு மில்லிமீட்டர்

லியனார்ட் மலேசியாவில் முப்பத்தோரு வருடம் ரயில் பாதையில் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரைக்கும் தண்டவாளத்தின் மேல் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு நடப்பார். அதிலிருந்த கருவி இரும்புக்குள் ஒலியை அனுப்பி, வெளியே தெரியாத விரிசலைக் காட்டும். காட்டிய இடத்தில் மஞ்சள் பெயின்டால் கோடு போடுவார். ஆட்கள் வந்து அந்தத் துண்டை வெட்டி எடுப்பார்கள். அதை உடைத்துப் பார்க்கும்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவராகவே உடைத்துப் பார்ப்பார். பாதிக்கு மேற்பட்ட துண்டுகளில் விரிசல் கோட்டைத் தாண்டியிருக்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒரு அடி தள்ளித்தான் வெட்டச் சொல்வார்.

"மண்டோருக்கு இரும்பு சும்மா வருது லா" என்று ஆட்கள் கிண்டலடிப்பார்கள்.

"நாளைக்கு உன் பொண்டாட்டிய இதுமேல ரயில்ல அனுப்பு, அப்புறம் பேசு."

மகள் எவலினுக்கு ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ பிரிவில் வேலை. கணையக் கட்டி படத்தில் எவ்வளவு தெரிகிறது, அறுத்தெடுத்த திசுவில் எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிடும் ஆய்வு ஒன்று அங்கே இரண்டு வருடமாக நடக்கிறது. படத்தில் அளப்பது எவலின். திசுவைச் சீவி அளப்பது டாக்டர் மாதவி. இதுவரை நாற்பத்தோரு பேர். அதில் முப்பத்து மூன்று பேருக்கு மாதவியின் அளவுதான் பெரியது.

மார்ச்சில் லியனார்டின் கண் மஞ்சளானது. படத்தில் கட்டி இருபத்திரண்டு மில்லிமீட்டர். சர்ஜன் இரண்டு வழி சொன்னார்: உடனே அறுக்கலாம், அல்லது சில மாதம் மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டு அறுக்கலாம். பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, வீட்டில் பேசி முடிவெடுங்கள் என்றார்.

"நீ என்ன சொல்ற?" என்று மகளைக் கேட்டார்.

"சின்னதுதான் டாடி. இப்பவே எடுத்துடலாம்."

"இது மெஷின் சொல்ற அளவுதானே?"

"ஆமா."

"எவ்வளவு தள்ளி வெட்டுவாங்க?"

கட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் நான்கு மில்லிமீட்டர் இருந்தது. "தேவையான அளவு" என்றாள். முப்பத்து மூன்று பேரைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் பயப்படக் கூடாது என்று நினைத்தாள்.

"என்கிட்ட வேலைக்கு இருந்திருந்தா இந்தப் பதிலுக்கே உன்ன வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், கேர்ள்" என்று சிரித்தபடி உடனே அறுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

அறுவை முடிந்த ஒன்பதாம் நாள் மாதவி கூப்பிட்டாள். வழக்கமாக அளவைப் போனிலேயே சொல்லிவிடுவாள்.

"உட்காரு எவலின்."

தட்டில், வெட்டிய ஓரம் எதுவென்று தெரிய மை பூசி, படத்தின் வாட்டத்திலேயே சீவிய துண்டுகள். நாற்பத்திரண்டாவது ஆள். முப்பத்தொரு மில்லிமீட்டர். நுண்ணோக்கியில், குழாய்ப் பக்கத்து மையைப் புற்றுச் செல்கள் தொட்டுக்கொண்டிருந்தன.

சாயங்காலம் வார்டுக்குப் போனாள். லியனார்ட் அவள் முகத்தைப் பார்த்தார்.

"கோட்ட தாண்டிருச்சா?"

"ஒன்பது மில்லிமீட்டர்."

"அப்ப உள்ள கொஞ்சம் நின்னுருச்சு. மத்தவங்களுக்கும் இப்படித்தானா?"

"நிறைய பேருக்கு."

"முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் டாடி."

போர்வையின் ஓரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வராந்தாவில் அவர் மனைவி பெர்னடெட்டின் செருப்புச் சத்தம் கேட்டது.

"மம்மிகிட்ட இருபத்திரண்டுன்னே சொல்லு" என்றார்.

பெர்னடெட் கஞ்சியோடு உள்ளே வந்தாள். "ரிப்போர்ட் வந்துச்சா? எவ்வளவாம்?"

"இருபத்திரண்டுதான் மம்மி."

நவம்பரில் அவரை அடக்கம் செய்யும் வரைக்கும் அந்த வீட்டில் கட்டியின் அளவு அதுதான்.