‘நம்பு’ என்ற பொத்தான்

பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்காமல் ரகுபதியால் நாலடி நடக்க முடியாது. இழுத்துப் பார்த்த பிறகும் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பான். மண்ணூரில் அவனுக்கு ‘பூட்டு ரகு’ என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டான். “தொறந்து போட்டுட்டு போய் திருட்டு போச்சுன்னா நீயா வந்து குடுப்ப?” என்பான். இந்தக் குணத்தைக் கவனம் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பயம்தான் அதிகம்.

கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததும் அந்தக் குணத்தால்தான். ஒரகடம் சாலையில், காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தவன், டைப்ரைட்டிங் லோயர் முடித்திருந்ததால் டெஸ்பாட்ச் ஆபீஸுக்கு மாறினான். கம்ப்யூட்டர் அறையின் சாவியை யாரிடம் கொடுப்பது என்று மேனேஜர் வனமாமலை யோசித்தபோது, தினமும் யாரும் சொல்லாமலே அந்தக் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகும் ஒருவன் கண்ணில் பட்டான். சாவியோடு சேர்ந்து கம்ப்யூட்டரும் ரகுபதியின் பொறுப்பில் வந்தது. அதைப் பற்றி அவனுக்கு அதிகம் தெரியாது. தெரிந்த கொஞ்சமும் வெங்கடேசன் சொல்லிக்கொடுத்தது.

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ரகுபதி ஊர்த்தெரு, வெங்கடேசன் காலனி. பெஞ்சில் இல்லாத தூரம் வீட்டில் இருந்தது. வெங்கடேசன் தேடி வந்தால் ரகுபதியின் அப்பா உள்ளே கூப்பிட மாட்டார். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பவனுக்கு அவனுக்கென்று தனியாக வைத்த, எவர்சில்வர் இல்லாத ஒரு டம்ளரில் டீ போகும். அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பது ரகுபதியின் வேலை, குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்ப்பது வெங்கடேசனுடையது. இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேசாததையே நட்பு என்று ரகுபதி நினைத்திருந்தான்.

வெங்கடேசன் டிப்ளமோ முடித்து, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தான். தமிழில் டைப் அடிக்க அவனே ஒரு சாஃப்ட்வேர் எழுதினான். இங்கிலீஷ் எழுத்தில் ‘அம்மா’ என்று தட்டினால் திரையில் தமிழில் அம்மா வரும். ரகுபதி அதைக் கொண்டுவந்து கம்பெனி கம்ப்யூட்டரில் போட்டான். ஷிஃப்ட் மாற்றம், ஓ.டி. அறிவிப்பு, கையுறை போடாமல் பிரஸ் மெஷினைத் தொடாதே என்ற எச்சரிக்கை எல்லாம் அதன் பிறகுதான் நல்ல தமிழில் நோட்டீஸ் போர்டுக்கு வந்தன. லைனில் நின்றவர்கள் நின்று படித்தார்கள்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்தது. போட்டால் ஒரு நிமிஷம் ஓடும், பிறகு ‘அணையப் போகிறேன்’ என்று தானே எண்ணத் தொடங்கி அணைந்துவிடும். பெட்டிகளுக்கு ஒட்ட வேண்டிய பார்கோடு லேபிள் அச்சாகவில்லை. லேபிள் இல்லாத பெட்டியைக் கார் கம்பெனி கேட்டுக்குள்ளேயே விடாது. லாரி திரும்பி வந்தது. வனமாமலை மறுநாளே மெட்ராஸுக்குப் போய் ஒரு ஆன்டிவைரஸ் சி.டி.யோடு வந்தார்.

அவர் நாங்குநேரிக்காரர். பதற்றம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

“ரஷ்யாக்காரன் செஞ்சது. இதுதான் கெட்டின்னு கடைக்காரன் சொல்லுதான்” என்றார்.

“ரஷ்யாவா சார்?”

“ஏன்யா, உனக்கு என்ன?”

“இது எல்லா ஃபைலையும் தொறந்து பாக்கும்னு அட்டையில போட்டுகீது சார்.”

“பாக்காம எப்படிய்யா கண்டுபிடிக்கும்?”

அது சரிதான் என்று ரகுபதிக்கும் பட்டது. ஆனால் கேள்வி போய்விடவில்லை.

கேன்டீனில் விஷயம் பரவியது. யூனியன் செயலாளர் கன்னியப்பன் இட்லியைப் பிட்டபடியே தீர்ப்புச் சொன்னார். “ரஷ்யாக்காரன் நமக்கு உருக்காலை கட்டிக் குடுத்தவன்யா. அவனா வந்து உன் லேபிளைத் திருடப் போறான்?”

பக்கத்தில் இருந்த ஒருவர், “தோழரே, உருக்காலை கட்டுன நாடே இப்ப மேப்புல இல்ல. இது வேற ரஷ்யா. உளவு பாத்துகினு இருந்தவங்கதான் அங்க இப்ப எல்லாமேன்னு பேப்பர்ல வருது” என்றார்.

“உனுக்கு பேப்பர் போடறவன் அமெரிக்காக்காரன்.”

“உனுக்கு இட்லி போடறவன் ரஷ்யாக்காரனா? கல்லு மாதிரி கீது.”

எல்லோரும் சிரித்தார்கள். ரகுபதி சிரிக்கவில்லை. அவன் பார்த்தவரை அந்த சாஃப்ட்வேர் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. வைரஸ் ஒழிந்தது, லேபிள் வந்தது. ஆனால் வாரம் ஒருமுறை அது போன் லைன் வழியாகத் தன் ஊரோடு பேசியது. புது வைரஸ்களின் விவரத்தை வாங்கிக்கொள்கிறது என்றார்கள். வாங்குகிறது சரி, கொடுப்பதும் உண்டா? மோடத்தில் விளக்கு மினுக்கும்போதெல்லாம் அவன் மற்ற வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரே மினுக்கல்தான். வருவதற்கு ஒரு நிறம், போவதற்கு ஒரு நிறம் என்று யாரும் வைக்கவில்லை.

அடுத்த வருஷம் கார் கம்பெனியின் வெளிநாட்டுத் தலைமை ஆபீஸிலிருந்து ஆடிட் வரப்போவதாகத் தகவல் வந்தது. கார் கம்பெனியின் டிராயிங்குகளும், அவர்களுடைய இணையதளத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டும் ரகுபதியின் அறையில்தான் இருந்தன. “கம்ப்யூட்டரில கேள்வி வந்தா நீதான் நின்னு பதில் சொல்லணும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உன்னையும் காப்பாத்த முடியாது, என்னையும் காப்பாத்த முடியாது” என்று வனமாமலை சொல்லிவிட்டார்.

அந்த வாரம் ஆன்டிவைரஸ் தன் ஊரோடு பேசி முடித்ததும் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் விழுந்தது. இந்த நிரல் நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் ஒட்டுக் கேட்கிறது, உளவு நிரலாக இருக்கலாம் என்றது இங்கிலீஷில். கீழே மூன்று பொத்தான்கள்: அழி, பூட்டி வை, நம்பு. அது சுட்டிக்காட்டிய நிரல், வெங்கடேசனுடைய தமிழ் சாஃப்ட்வேர்.

ரகுபதி கட்டத்தை இன்னொரு முறை படித்தான். பாஸ்வேர்டைத் தினமும் அந்த விசைகளில்தான் தட்டுகிறான். ரஷ்யாக்காரன் சொல்வது நிஜமானால், வெங்கடேசனை உள்ளே விட்டது நான். பொய்யானால், பொய் சொல்லும் ஒன்றைத்தான் வருஷம் முழுக்கக் காவலுக்கு வைத்திருக்கிறோம். எந்தப் பொத்தானையும் அமுக்காமல் திரையை மட்டும் அணைத்துவிட்டு வெளியே வந்தான். பூட்டை மூன்று தடவை இழுத்தான்.

சாயங்காலம் வீட்டில் மனைவி அமலா சோறு போட்டாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான்.

“இன்னாங்க, சோத்துக்குள்ள இன்னா தேடறீங்க?”

சொன்னான். அவள் கேட்டுவிட்டு, “வெங்கடேசண்ணன் அப்பிடிப் பண்ணுமா?” என்றாள்.

“பண்ண மாட்டான்.”

“அப்புறம் இன்னா?”

“பண்ணலன்னு எப்பிடித் தெரியும்?”

“என்னியும் அப்பிடித்தான் பாக்குறீங்களா?” என்று சிரித்துவிட்டு அவள் மோர் எடுக்கப் போனாள். அவனுக்கு அது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை.

மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் போனான். சென்டரில் வெங்கடேசன் தனியாக ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

“வாடா பூட்டு. இன்னா இந்த நேரத்துல?”

ரகுபதி சுற்றி வளைக்கவில்லை. “உன் சாஃப்ட்வேர் தட்டுறதெல்லாம் ஒட்டுக் கேக்குதாமே?”

வெங்கடேசன் வாய்விட்டுச் சிரித்தான். “கேக்காம எப்பிட்றா தமிழ் வரும்? நீ இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து தட்டுற. அத்த அது கேட்டுகினாத்தான ‘க’ போட முடியும்? இதுகூடவா யோசிக்க மாட்ட?”

ரகுபதிக்கு ஒரு கணம் மூச்சு லேசானது. பாக்காம எப்படிய்யா கண்டுபிடிக்கும் என்று வனமாமலை சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே பதில். அங்கேயே அவன் எழுந்து வந்திருக்கலாம்.

“கேக்குது, சரி. கேட்டத எங்கியாச்சும் வெச்சிக்குதா?”

வெங்கடேசனின் சிரிப்பு நின்றது. “இல்ல.”

“நெசமா?”

“நெசமான்னு கேட்டா இன்னொரு தபா இல்லன்னுதான் சொல்வேன் ரகு. வேற இன்னா சொல்றது?”

“காட்டேன்.”

வெங்கடேசன் கம்ப்யூட்டரைத் தன் பக்கத்திலிருந்து அவன் பக்கம் திருப்பினான். தான் எழுதிய நிரலைத் திறந்தான். வரி வரியாக ஓடியது, முடிவே இல்லாமல். “படி” என்றான்.

ரகுபதி படித்தான். ஒரு வரிகூடப் புரியவில்லை.

“இன்னா தெரிஞ்சுது?”

“ஒண்ணும் தெரில.”

“அப்புறம் இன்னாத்துக்குக் காட்டச் சொன்ன?” வெங்கடேசனின் குரல் உயரவில்லை. “இதே கேள்விய ரஷ்யாக்காரன் கிட்ட கேட்டியா?”

“அவன எங்க போய்க் கேக்கறது?”

“அதான். நான் ஷேர் ஆட்டோல வந்தா கெடைப்பேன். என்னியக் கேக்குற.” பிறகு கீபோர்டை மறுபடி எடுத்துக்கொண்டு, “நம்புன்னு பொத்தான் கீதுன்னியே, போய் அமுக்கு” என்றான். டீ சொல்லட்டுமா என்று கேட்டான். ரகுபதி வேண்டாம் என்றான். வேண்டாம் என்றது தப்பு என்று ஆட்டோவில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

அறைக்குத் திரும்பியதும் சிவப்புக் கட்டம் அப்படியே காத்துக்கொண்டிருந்தது. எதை நம்பலாமா என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தானோ, அதுவே இப்போது வெங்கடேசனை நம்பலாமா என்று அவனிடம் கேட்டது. சுட்டியை ‘நம்பு’ மேல் கொண்டுபோய் வைத்தான். விரல் அமுங்கவில்லை. வெங்கடேசன் திருட மாட்டான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆடிட்டர் முன்னால் அந்தச் சொல்லுக்குப் பொறுப்பேற்று நிற்கும் மனிதனாகத் தன்னை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ‘அழி’யிலும் விரல் நிற்கவில்லை.

கடைசியில் மூன்றையும் விட்டுவிட்டு நாலாவதாக ஒன்று செய்தான். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, கரண்ட் ஒயரைத் தவிர வேறு எந்த ஒயரும் இணைக்காமல், வெளியே கேட் பக்கம் செக்யூரிட்டி கொட்டகையில் வைத்தான். நோட்டீஸ் அடிக்கத் தமிழ் சாஃப்ட்வேரை அதில் போட்டான். அறைக் கம்ப்யூட்டரில் இருந்ததை எடுத்துவிட்டான். சிவப்புக் கட்டம் மறைந்தது. வனமாமலையிடம், “சந்தேகமா ஒண்ணு இருந்துச்சி சார், எடுத்துட்டேன்” என்றான். அது யாருடையது என்று அவர் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை. பொய் சொன்னான் என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவுதான் சொல்லலாம்.

ஆடிட் வந்தது. ஆன்டிவைரஸ் எந்த நாட்டுடையது என்ற இடத்தில் ஆடிட்டராக வந்த வெள்ளைக்காரரின் பேனா கொஞ்சம் நின்றது. வனமாமலை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அது ஒழுங்காகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று ஆடிட்டர் கேட்டார். வாரா வாரம் என்றான் ரகுபதி. வெளியார் எழுதிய நிரல் ஏதாவது இந்த அறையில் உண்டா என்று கேட்டார். இல்லை என்றான். பேனா நகர்ந்தது. வேலை தப்பியது.

சில நாள் கழித்து ‘ழ’ சரியாக விழவில்லை என்று ரகுபதியே சொல்லி அனுப்பியிருந்ததால் வெங்கடேசன் கம்பெனிக்கு வந்தான். முன்பெல்லாம் நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போவான். அன்று செக்யூரிட்டி, “இங்கதான் சார்” என்று கொட்டகையைக் காட்டினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கதவில்லாத அந்த இடத்தில் வேலையை முடித்தான். ரகுபதி கேன்டீனிலிருந்து டீயைத் தானே எடுத்துக்கொண்டு போனான். நீட்டும்போதுதான் தன் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தான். கேன்டீன் டம்ளர்தான், எல்லோரும் குடிப்பதுதான்.

வெங்கடேசனும் அதைத்தான் பார்த்தான். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தான்.

“வேப்பமரம் ஒண்ணுதான் பாக்கி ரகு” என்றான்.

“டேய், அப்பிடி இல்லடா... ஆடிட்டு...”

“ரஷ்யாக்காரன் உள்ளதான கீறான்?”

ரகுபதி தலையாட்டினான்.

“நல்லா கெட்டியா பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு வெங்கடேசன் டீயைக் குடித்து முடித்தான். பாதியில் வைத்துவிட்டுப் போயிருந்தால் ரகுபதிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். டம்ளரைக் கழுவி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, சாலையைக் கடந்து ஷேர் ஆட்டோவுக்குக் கையைக் காட்டினான்.

ரகுபதி திரும்பி வந்தான். லாரி டிரைவர் லேபிள் கேட்டு டெஸ்பாட்சிலிருந்து கத்திக்கொண்டிருந்தார். அச்சான தாள்களை எடுத்துக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திப் பூட்டினான். இழுத்துப் பார்த்தான். பூட்டு அசையவில்லை. உள்ளே மோடம் கீச்சென்று கூவி, அது வழக்கமாகப் பேசும் ஊரைக் கூப்பிட்டது. அன்றைக்கு அதன் வாரக் கணக்கு முடிந்திருந்தது.

கேட்டுக்கொண்டே நின்றான். டிரைவர் மறுபடியும் கத்தினார். ரகுபதி பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.