மூன்று முறை தீர்ந்துபோன புகார்

முடி வெட்டி முடித்ததும் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடரிக்குப் பின்னால் பிடித்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பது சலூன்காரரின் வழக்கம். நாற்காலியில் இருப்பவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்பார். அந்தத் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. மனம் குளிர்ந்தவரும் அதைத்தான் சொல்வார். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று முடிவு கட்டியவரும் அதைத்தான் சொல்வார்.

கேட்டுக் கேட்டு அந்தச் சொல் அவர் நாக்கிலேயே குடிவந்துவிட்டது. டீ ஆறிப்போயிருந்தால் பரவாயில்லை, பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் பரவாயில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பெண் எப்படி என்று வீட்டில் விசாரித்தபோதும் மனிதர் அதையேதான் சொல்லிவைத்தார். அது பெண்ணின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது பெண்ணுக்குக் காது நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்தான் இப்போது தெருவுக்கெல்லாம் தையலம்மா. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர். சில வருஷங்களாகக் காது மந்தம். முழுக்கை கேட்டவருக்கு அரைக்கை தைத்துக் கொடுத்து, "நீங்கதானே சொன்னீங்க?" என்று சண்டைக்கும் நின்றார். இரண்டு மூன்று வாடிக்கை அப்படியே கழன்றுகொண்டது.

சலூன்காரரின் நஷ்டம் வேறு. மத்தியானம் கடையில் ஈ ஓட்டும் நேரம் அவர் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சாப்பிட்டுக்கொண்டே, காலையில் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துபோன தலைகளின் வண்டவாளத்தையெல்லாம் மனைவியிடம் குசுகுசுவென்று சொல்வார். இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அதுதான் அவருக்கு ஒரு நாளின் மொத்த சுகம். குசுகுசு எடுபடாமல் போனதும் கத்த வேண்டியதாயிற்று. "பேங்க் மேனேஜருக்கு அது சொந்த முடி இல்ல, விக்கு!" என்று ஒரு மத்தியானம் தொண்டை கிழியக் கத்தினார். அதன் பிறகு பேங்க் மேனேஜர் வேறு கடைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து சாப்பாடு பேச்சில்லாமல் நடந்தது. ரகசியம் பேச முடியாத மனைவியோடு என்னதான் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளுக்குள் அழுதார் என்றே சொல்லலாம்.

ஆகவே பெரிய கம்பெனியாகப் பார்த்துக் காது மெஷின் வாங்கினார்கள். வாரண்டி அட்டை பளபளவென்று இருந்தது. மெஷின்தான் முதல் நாளே விசிலடித்தது. அந்த விசில் தெருமுனை வரை கேட்டது, தையலம்மாவைத் தவிர எல்லாருக்கும். அவர் காதுக்குள் வெறும் இரைச்சல்தான். காது மெஷின் என்றால் விசிலடிக்கும்போல என்று சலூன்காரர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனாலும் மனைவி பாடுபடுவதைப் பார்க்கச் சகிக்காமல் கம்பெனிக்குப் போன் போட்டார். மெக்கானிக் பையன் வந்து எதையோ திருகிவிட்டுப் போனான். மறுநாள் கம்பெனிப் பெண் கூப்பிட்டாள்.

"சார், இப்ப மெஷின் எப்படி இருக்கு?"

"பரவாயில்லைம்மா."

ஏதோ காலத்தை ஓட்டுகிறோம் என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். அடுத்த நிமிஷமே கைப்பேசி சிணுங்கியது: 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.'

இரண்டாவது முறை வந்த மெக்கானிக், கம்பெனி விதிப்படி கைப்பேசியில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு வேலை பார்த்தான். மேஜையிலிருந்த கண்ணாடி டம்ளரைக் கைதவறி உடைத்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க சார்" என்றான். இவர் "பரவாயில்லை தம்பி" என்றார். மன்னித்தது டம்ளருக்கு. தீர்ந்தது புகார். மூன்றாவது முறை போன் செய்து, பாட்டுக் கேட்டபடி வெகுநேரம் காத்திருந்து காது புளித்தபோது, "காக்க வெச்சதுக்கு மன்னிக்கணும் சார்" என்று ஒரு தேன்குரல் வந்தது. மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. புகார் மறுபடியும் வெற்றிகரமாகத் தீர்ந்தது. உலகத்தில் இத்தனை முறை தீர்க்கப்பட்ட பிரச்சினை வேறெதுவும் இருக்க முடியாது.

கடைசியில் வழி காட்டியது பக்கத்து வீட்டு டீச்சர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். பரோபகாரம் ஒன்றுமில்லை, விசில் சத்தத்தில் அவருடைய மத்தியானத் தூக்கம் பாழாகிவிட்டது. தையலம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்து, "உங்க மெஷின் விசிலடிக்குது! அது மெஷினோட கோளாறு!" என்று கத்தினார். பிறகு சலூன்காரர் பக்கம் திரும்பினார்.

"நுகர்வோர் மன்றத்துக்குப் போங்க. வக்கீல் வேண்டாம். நடந்ததை வெள்ளைத் தாள்ல வரிசையா எழுதுங்க, பில்லையும் வாரண்டி அட்டையையும் நகல் எடுத்து வைங்க. முதல்ல கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ், பதில் வரலைன்னா மன்றம்."

"எதுக்கு டீச்சர் கோர்ட்டு கச்சேரின்னு... பரவாயில்லை..."

"உங்களுக்குப் பரவாயில்லை. எனக்குத் தூக்கம் வரணுமே!"

நோட்டீஸுக்குப் பதில் வரவில்லை. மன்றத்துக்கான புகாரை எழுதியது தையலம்மா. தையல்காரி அல்லவா, வளவளவென்று இழுக்காமல் அளவெடுத்து வெட்டியதுபோல் எழுதினார். அவர் பெயரில்தான் மனு, காது அவருடையதாயிற்றே.

விசாரணை நாளில் கம்பெனி வக்கீல் மடிக்கணினியும் தடியான ஸ்பீக்கருமாக வந்து இறங்கினார். தையலம்மா மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து அது விசிலடிக்கவில்லை.

"மெஷின் கச்சிதமா வேலை செய்யுது மேடம். இவங்க வீட்டுக்காரரே மூணு தடவை திருப்தின்னு சொல்லியிருக்கார். ரெக்கார்டிங் இருக்கு" என்றார் வக்கீல்.

மன்றத் தலைவியான அம்மாள் தலையசைத்தார். ஸ்பீக்கர் உறுமியது. "பரவாயில்லைம்மா" என்றது சலூன்காரரின் குரல், அறை அதிர. பிறகு டம்ளர். பிறகு தேன்குரல். கூடியிருந்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கு நாற்காலிக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம்போல் இருந்தது. எல்லாம் ஓடி முடிந்து அறை அமைதியானது.

தையலம்மா கணவரின் முழங்கையைச் சுரண்டினார். "எப்பங்க போடுவாங்க?"

ரகசியம் பேசுவதாக நினைத்துத்தான் கேட்டார். வெளியே தாழ்வாரம் வரை கேட்டது.

மன்றத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு தடவை போடுங்க. முழுச் சத்தத்துல." போட்டார்கள். வாசலில் நின்ற பியூன் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தான். தையலம்மா ஸ்பீக்கரையே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மெஷின் ரிப்பேரா?" என்று அனுதாபத்தோடு கேட்டார்.

"கச்சிதமா வேலை செய்யுது, இல்லையா?" என்றார் தலைவி.

"மேடம், அவர் பரவாயில்லைன்னு..."

"அவர் சொன்னார். காது யாரோடது? அந்தம்மா எங்கயாவது திருப்தின்னு சொன்ன ரெக்கார்டிங் இருந்தா போடுங்க."

அது இல்லை. புது மெஷின் கொடுத்து, நிபுணரைக் கொண்டு பொருத்தியும் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. கம்பெனி தன் கைக்காசில் ஸ்பீக்கர் கொண்டுவந்து தன் வழக்கைத் தானே தோற்றது.

"என்னங்க போட்டாங்க?" என்று பஸ்ஸில் தையலம்மா கேட்டார். "ஒண்ணுமில்ல!" என்று சலூன்காரர் கத்தினார். கத்திச் சொல்லும்போது பொய் சுலபமாக வந்துவிடுகிறது.

புது மெஷின் வந்து சேர்ந்த மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். "சாதம் போடு!" என்று பழக்கத்தில் கத்தினார்.

"ஏன் இப்படிக் கத்துறீங்க? எனக்கென்ன காது கேக்காதா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டில் கை வைக்காமல், இத்தனை மாதம் சேர்த்துவைத்த வம்பையெல்லாம் மெல்ல அவிழ்த்தார். தையலம்மா கையமர்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். அன்னைக்கு எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிச்சாங்களே. எதைப் போட்டாங்க?"

இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு மெதுவாகப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. சொல்லிவிட்டார், டம்ளர் உட்பட.

திட்டு விழும் என்று காத்திருந்தார். பக்கத்து வீட்டு டீச்சர்கூட ஜன்னலோரம் வந்து நின்றிருப்பார். தையலம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"ஒவ்வொரு தடவையும் சரியாயிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. நான் படிச்சேன். மெஷின் சரியாயிடுச்சு, அப்ப என் காதுதான் முழுசாப் போயிடுச்சுன்னு நினைச்சேன். டீச்சர் வந்து சொல்ற வரைக்கும் தினமும் நீங்க கடைக்குப் போனப்புறம் உக்காந்து அழுதேன்."

சலூன்காரர், ஊர்ப்பட்ட பேருக்குத் தான் வாரி வழங்கிய அந்த ஒற்றைச் சொல்லை மனைவி இப்போது தனக்குச் சொல்வார் என்று காத்திருந்தார். சாதம் ஆறியது. தையலம்மா எழுந்து போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்தார். சொல்லவில்லை.